நம்பர் கிடைக்காத கார்

என் மனைவியின் தம்பி ஒரு கார் கட்டினார். 'வாங்கினார்' என்பதைத்தான் இப்படி எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கடற்கரையில் வள்ளம் கட்டுவது போல, இரும்பை வெட்டி, பற்றவைத்து, சக்கரம் பூட்டி, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு காரைத் தன் கையாலேயே கட்டினார். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் வாங்க நாங்கள் அலைந்த கதையை எழுதச் சொல்லி இரண்டு மூன்று நண்பர்கள் பல நாளாகக் கேட்கிறார்கள். அலைந்ததில் நான் தெரிந்துகொண்ட விஷயங்கள் வேறு யாருக்காவது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. வலது காலுக்கு ஒன்றுமில்லை. கையோ, இரும்பைத் தொட்டால் இரும்பு பேசும். கீழக்கரையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து மோட்டார் காயில் கட்டுவது, தண்ணீர் பம்பு பழுது பார்ப்பது, ஜெனரேட்டர் பார்ப்பது என்று முப்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் துபாயில் ஒரு வாகனப் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக 26 வருஷம் இருந்துவிட்டு 2014-இல் ஊர் திரும்பினேன். அதிலிருந்து சாயங்காலம் அஸருக்குப் பிறகு அவர் பட்டறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு நிரந்தரம்.

ஒருநாள் திடீரென்று சொன்னார்: "மச்சான், நான் ஒரு கார் செய்யப்போறேன்."

"எதுக்கு மாப்ளே? பழைய கார் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சு போச்சு."

"வாங்கினா ஓட்ட முடியாது. கிளட்ச் எடத்து காலுல இருக்கு. நான் செஞ்சா கிளட்ச்சைக் கையில வச்சுக்குவேன்."

பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "பொறந்ததுலேர்ந்து என்னை யாராச்சும் ஏத்திக்கிட்டுத்தான் போயிருக்காங்க. வாப்பா தோளுல, காக்கா சைக்கிள்ல, இப்போ மவன் பைக்குல. உம்மாவை ஒரு தடவையாச்சும் நான் ஏத்திக்கிட்டுப் போகணும்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

2018-இல் ஆரம்பித்தார். சென்னை புதுப்பேட்டைக்குப் போய் பழைய மாருதி 800-இன் எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், முன்சக்கர சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றையும் பில்லோடு வாங்கி லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். நம்மில் பலர் முதன்முதலாக ஏறிய சொந்தக் கார் அதுதானே. சதுரக் குழாயில் சேஸிஸ் கட்டினார். அந்த எஞ்சினுக்குக் கிளட்ச் ஒரு கேபிளால்தான் இழுபடும். அந்தக் கேபிளைக் கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு லீவருக்குக் கொண்டுவந்து, சைக்கிள் பிரேக் பிடிப்பது போலப் பிடித்தால் கிளட்ச் விடுபடும்படி செய்தார். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் வழக்கம் போல வலது காலுக்கு. தகரம் தட்டி உடம்பு செய்து, பச்சை வண்ணம் அடித்து முடித்தபோது 2020 கடைசி ஆகிவிட்டது. கொரோனா அடைப்பு அவருக்கு ஒருவகையில் வசதியாகப் போனது. மொத்தச் செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். தில்லையேந்தல் பக்கம் எங்கள் தோப்புக்குள் ஓட்டிப் பார்த்தோம். பிரேக் பிடித்தால் நேராக நின்றது. ஸ்டீயரிங் இழுக்கவில்லை. ஹாரன் கூட நன்றாக அடித்தது. இனி நம்பர் ஒன்றுதான் பாக்கி.

நம் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றாது. நம் சின்ன வயதில் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஆசாரி செய்ததுதானே. எந்தக் கம்பெனி செய்தது என்று யார் கேட்டார்கள்? சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் காசு கட்டினால் ஒரு தகரப் பில்லை தருவார்கள். அதை ஹாண்டிலுக்குக் கீழே மாட்டிக்கொண்டால் வருஷம் முழுக்க ராஜா. பில்லை இல்லாத சைக்கிளைப் பிடிக்க ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு சந்துக்குள் மறைந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேரோ!

கடலிலும் அப்படித்தான். வள்ளல் சீதக்காதி காலத்து மரக்கலம் முதல் இன்று வலை ஏற்றிக்கொண்டு போகும் நாட்டுப்படகு வரை நம் கரையில் படகு என்பது ஆள் கையால் கட்டுவது. ஓடாவி மனசுக்குள்ளேயே அளவை வைத்துக்கொண்டு கட்டுவார். அந்தப் படகுக்கும் மீன்வளத்துறையில் பதிவு உண்டு. ஐ.என்.டி., டி.என். 10 என்று தொடங்கும் எண்ணைப் பக்கவாட்டில் எழுதிக்கொண்டுதான் நம் பக்கத்துப் படகுகள் கடலுக்குப் போகின்றன. கையால் கட்டியது என்பதற்காகப் படகுக்கு யாரும் எண் மறுப்பதில்லை. ஆகவே காருக்கும் அப்படி ஏதாவது வழி இருக்கும் என்று என் மைத்துனர் நம்பியதில் வியப்பில்லை.

2021 மார்ச்சில் ஒரு கோப்பில் புதுப்பேட்டை பில்கள், புகைப்படங்கள், அவரே கையால் வரைந்த படம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் பஸ் ஏறினோம். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சொன்னால் நம் ஊரில் யாருக்குத் தெரியும்!) நடுத்தர வயதுக்காரர், பொறுமையானவர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளட்ச் லீவர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. இது யார் தயாரிப்பு?"

"நான்தான் சார்."

"சரி, யார்கிட்டேயிருந்து வாங்கினதா எழுதுறது?"

"அதுவும் நான்தான் சார்."

பக்கத்தில் இருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எங்களை உட்காரவைத்து விளக்கினார். அவர் அன்று சொன்னதையும், பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து சட்டத்தை எடுத்துப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவு இல்லாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்கிறது. பதிவுக்கு விண்ணப்பிப்பது படிவம் 20. அதோடு விற்றவர் தரும் படிவம் 21, தயாரித்தவர் தரும் படிவம் 22 இரண்டும் வேண்டும். படிவம் 22 என்பது, இந்த வண்டி சாலைக்குத் தகுதியானது, விதிகளுக்குப் பொருந்தியது என்று தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்று. நாமே கையெழுத்துப் போட்டுக்கொண்டால் என்ன? அங்கேதான் சிக்கல். மத்திய மோட்டார் வாகன விதிகள் 126-இன்படி, தயாரிப்பாளர் தன் வாகனத்தின் மாதிரி ஒன்றை அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் கொடுத்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பூனாவில் ஏ.ஆர்.ஏ.ஐ., அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) பாதுகாப்பு அமைச்சகத்தின் வாகன ஆராய்ச்சி நிலையம், மானேசரில் ஐகேட், நம் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒன்று என்று அந்த நிலையங்கள் இருக்கின்றன.

"அப்போ ஒரகடத்துக்குக் கொண்டுபோறோம் சார்" என்றார் மைத்துனர் உடனே.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "தம்பி, அது கம்பெனிக்காரங்களுக்கான சோதனை. ஒரு மாடலைத் தேர்ச்சி பண்ணிட்டா அதே மாதிரி லட்சம் வண்டி விக்கலாம், அதனால அவங்களுக்குக் கட்டுபடியாகும். புகை சோதனை இருக்கு. 2020 ஏப்ரல்லேர்ந்து பி.எஸ். 6. உங்க எஞ்சின் எந்தக் காலத்தது? அப்புறம் மோதல் சோதனை வேற இருக்கு."

மோதல் சோதனை என்றால் காரைக் கொண்டுபோய் ஒரு தடுப்பில் மோதவிட்டு, உள்ளே வைத்த பொம்மைக்கு எவ்வளவு அடிபட்டது என்று அளப்பது. புதிய மாடல் கார்களுக்கு 2017 அக்டோபரிலிருந்தும், எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலிருந்தும் அது கட்டாயம். கம்பெனிக்காரன் ஒரு காரை நொறுக்கிவிட்டு அடுத்ததை விற்பான். ஒரே ஒரு காரைக் கட்டியவன் அதை நொறுக்கிக் காட்டிப் பாஸ் வாங்கிய பிறகு எதை ஓட்டுவது? வரும் வழியில் பஸ்ஸில் இதைச் சொல்லித்தான் இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழக்கரை வரும்வரை பேசவில்லை.

இரும்புச் சட்டத்தை அவர் கட்டிவிட்டார். மற்றச் சட்டம்தான் இடம் கொடுக்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த சங்கடமா என்று தேடிப் பார்த்தேன். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை நம் தலைமுறைக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1920-இல் ஒரே பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கி, 1937-இல் மின்மோட்டார் செய்து காட்டியவர். அவர் 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் செலவில் உருவாக்கினார். அரசு உரிமம் தராததால் அது தொடரவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது தொழிற்சாலைக்கான உரிமம், எங்களுக்கு வேண்டியது ஒற்றைக் காருக்கான நம்பர். ஆனாலும் அவ்வளவு பெரிய மனிதரின் வண்டியே நின்றுபோன இடத்தில் எங்கள் பச்சை வண்டி நிற்பது மைத்துனருக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. "மச்சான், நான் நல்ல ஆளோடதான் நிக்கிறேன்" என்றார்.

அதே கோவையில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை ஆள் பந்தயக் கார்களைக் கட்டியவர். செட்டிபாளையத்தில் உள்ள கரி பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியது. எங்கள் கார் எஞ்சினும் அந்தப் பந்தயக் கார் எஞ்சினும் ஒரே வம்சம். ஆனால் பந்தயக் கார் தடத்துக்குள் ஓடுவது, அதற்குச் சாலையில் வேலை இல்லை. இப்போது பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் போட்டிகளுக்காகக் கட்டும் கரடுமுரடான வண்டிகளும் அப்படித்தான். கட்டலாம், போட்டியில் ஓட்டலாம், வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர முடியாது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்வது பழைய வழக்கம். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற காரை அப்படிப் பாகங்களாக வாங்கினால் விற்பனை வரி மிச்சம் என்பதால் பலர் வாங்கிப் பூட்டினார்கள். இன்றும் அங்கே வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைச் சோதிப்பதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. காரை நொறுக்க மாட்டார்கள். ஆய்வாளர் பிரேக், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் மாட்டிய இடத்தின் உறுதி, கூர்மையான முனை ஏதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தேறினால் பதிவு. பாகங்களின் வயது தெரியாவிட்டால் 'க்யூ' என்ற எழுத்தோடு ஒரு நம்பர் கொடுப்பார்கள், பார்க்கிறவருக்கு இது கலப்பு வண்டி என்று தெரிந்துவிடும். நம் நாட்டிலும் பழங்காலக் கார்களுக்கு 2021 ஜூலையில் ஒரு தனி வழி வந்தது. 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டணத்தில் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர். ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ கட்டியதற்கு வழி இருக்கிறது, நேற்று கட்டியதற்கு இல்லை.

அந்த வருஷம் டிசம்பரில் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்துச் செய்தி ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. தேவராஷ்டிரே என்ற கிராமத்தில் ஒரு பட்டறைக்காரர், பழைய சாமான்களை வைத்து ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாயில் ஒரு சின்ன ஜீப் செய்திருந்தார். ஸ்கூட்டரைப் போல உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். மகிந்திரா நிறுவனத் தலைவர் ஆனந்த் மகிந்திரா அதைப் பாராட்டினார். கூடவே, விதிகளுக்கு உட்படாததால் அதிகாரிகள் என்றைக்காவது இதை நிறுத்தத்தான் போகிறார்கள் என்றும் சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ தருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே கொடுத்தும் விட்டார். இங்கே தெருவில் எல்லோரும் என் மைத்துனரிடம், "நீங்களும் ஒரு வீடியோ போடுங்க, உங்களுக்கும் கிடைக்கும்" என்றார்கள். அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "எனக்கு வேற கார் குடுத்தா அதுலயும் கிளட்ச் எடத்து காலுலதானே இருக்கும்."

இதற்குள் சிலர் வேறு யோசனையும் சொன்னார்கள். "நம்பர் எதுக்கு? ஊருக்குள்ள ஓட்டினா யார் கேக்கப்போறா? சென்னையில மீன்பாடி வண்டி ஓடலியா?" ஓடியது உண்மைதான். மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டி, நம்பரும் இல்லாமல் இன்ஷூரன்சும் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைத்தன. வடநாட்டில் இதே போலப் பம்பு எஞ்சினைப் பூட்டிய வண்டியை 'ஜுகாட்' என்பார்கள். அதுவும் மோட்டார் வாகனம்தான், சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஓட வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் இந்த யோசனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் அபராதம் அல்ல. பல வருஷங்களுக்கு முன் எங்கள் உறவில் மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவை, இப்படிப் பூட்டிய ஒரு சுமை வண்டி சாய்த்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. நம்பர் இருந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கும். மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் வண்டியை ஓட்டக்கூடாது என்று சட்டம் சொல்வதே இப்படிப்பட்ட ஆளுக்காகத்தான். அங்கே கம்பெனி இல்லை, வண்டிக்காரர்தான் கொடுக்க வேண்டும். அவரிடம் கொடுக்க அந்த வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை. கேஸ் நடந்தது, தீர்ப்பும் வந்தது, காசு வரவில்லை. அந்த அம்மா கடைசிவரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். வண்டிக்காரரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

இதைச் சொன்னபோது மைத்துனர் கொஞ்ச நேரம் கையில் இருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ ரோட்டுக்கு வேணாம்" என்றார். அவ்வளவுதான். அந்தக் கார் இன்றுவரை தார் ரோட்டைத் தொட்டதில்லை.

ஆனால் உம்மாவை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை அப்படியே இருந்தது. அதற்கு வழி சொன்னவர் அதே பிரேக் இன்ஸ்பெக்டர்தான். இரண்டாவது முறை போனபோது அவரே கேட்டார்: "தம்பி, உங்களுக்குக் கார் கட்டணுமா, கார் ஓட்டணுமா?"

"ரெண்டும்தான் சார். ஒண்ணு முடிஞ்சு போச்சு."

"அப்போ ரெண்டாவதுக்கு வழி இருக்கு. கம்பெனி காரை வாங்குங்க. அந்த லீவரை அதுல மாட்டுங்க."

பொதுவாகக் கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது என்பது 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. வண்ணம் மாற்றுவது, சின்னச் சின்னப் பொருத்தல்கள் பரவாயில்லை, மூல அமைப்பை மாற்றக்கூடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று அதே வருஷத்துத் திருத்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதே 52-ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உடல் குறைபாடு உள்ளவர் ஓட்டுவதற்காகத் தன் வண்டியைத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம், மாற்றிய பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதல் வாங்கிக்கொண்டால் போதும். முதலில் வாங்கு, மாற்று, பிறகு வந்து காட்டு. ஏறக்குறைய நம் ஓடாவியின் முறைதான்.

2022-இல் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம். பத்து வயது ஆன வண்டி. கேபிள் கிளட்ச் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினார். பச்சைக் காரில் செய்து பழகிய லீவரை ஒரே வாரத்தில் இதில் மாட்டிவிட்டார். இரண்டாவது தடவை செய்ததால் முதல் தடவையை விட மெத்தென்று வேலை செய்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் கொடுத்து, வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதியவைத்தோம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிட்டோம். இதை யாரும் மறந்துவிடாதீர்கள், நாளைக்கு ஒன்று என்றால் அதுதான் முதலில் கேட்பார்கள். பிறகு அந்த வண்டியிலேயே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ். எல்லாம் முடிய நாலு மாதம் ஆனது. ஐம்பத்திரண்டு வயதில் எல்.எல்.ஆர். அட்டையை வாங்கிக்கொண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்.

லைசென்ஸ் வந்த வாரமே உம்மாவை ராமநாதபுரத்துக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். நானும் பின்சீட்டில் இருந்தேன். திருப்புல்லாணி தாண்டும் வரை உம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு மெதுவாவா ஓட்டுவாங்க?" என்று கேட்டார்கள். அவர் வேகத்தைக் கூட்டவில்லை. அன்று முழுக்க நாற்பதுக்கு மேல் முள் போகவில்லை.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படிக் கையில் தொழில் உள்ள பிள்ளை யாராவது இருந்தால் அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கட்டுவதற்கு முன்னால் ஆபீசுக்குப் போய்க் கேட்கட்டும், கட்டிய பிறகு கேட்டால் பதில் மாறாது, செலவுதான் கூடியிருக்கும். இரண்டு, பழைய எஞ்சின் வாங்கினால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தாகியிருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். திருட்டு வண்டி எஞ்சினாக இருந்துவிட்டால் நம்பர் கேட்கப் போன இடத்தில் பெயர் கெட்டுவிடும். மூன்று, மாற்றுத்திறனாளி என்றால் முழுக் காரையும் கட்டிக் கஷ்டப்பட வேண்டாம். சட்டம் அவருக்குத் திறந்திருக்கும் வழி நேரானது, அதில் போகட்டும்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்றும் உண்டு. லட்சம் கார் விற்கும் கம்பெனிக்கும் ஒரே ஒரு கார் கட்டும் பட்டறைக்காரருக்கும் ஒரே சோதனை வைப்பது, ஓடாவியைக் கூப்பிட்டுக் கப்பல் தளத்துக்கான விதியைப் படித்துக்காட்டுவது போல. ஒரு மாவட்டத்துக்கு ஒருநாள், நல்ல ஆய்வாளர் ஒருவர், ஒரு பட்டியல், குறைந்த வேகம், தனி நிற நம்பர் பலகை, கட்டாய இன்ஷூரன்ஸ் என்று வைத்தால் போதாதா? பஸ்ஸுக்குக் கரூரில் உடம்பு கட்டுகிறவர்களுக்கு 22-ஏ என்று தனிப் படிவம் இருக்கிறதே. ஆசை உள்ளவன் கட்டத்தான் செய்வான். ஒளித்துக் கட்டி ஓட்டுவதைவிட, கொண்டுவந்து காட்டிவிட்டு ஓட்டுவது தெருவில் நடக்கிறவர்களுக்கும் நல்லது.

பச்சைக் கார் இப்போது தோப்பில் இருக்கிறது. வேலி போட்ட இடம், எங்கள் சொந்த மண். தேங்காய் சுமக்கிறது, உரமூட்டை சுமக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை பேரப் பிள்ளைகளையும் சுமக்கிறது. பின்னால் நம்பர் எழுத வேண்டிய இடத்தில் சின்னவள் ஒருத்தி சாக்கட்டியால் '1' என்று எழுதிவைத்திருக்கிறாள். மழைக்கு அழியும்போதெல்லாம் திரும்ப எழுதிவிடுகிறாள்.